மோட்டார் அங்க, கரண்ட் இங்க

2015 ஆரம்பத்துல நாசாவோட டான் விண்கலம் சீரிஸ்ங்கற குறுங்கோளை நெருங்கிக்கிட்டு இருந்தப்ப, தினமும் ராத்திரி புதுப் படம் ஏதாவது வந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் தூங்குவேன். கறுத்த உருண்டை, அதுல ரெண்டு வெள்ளைப் புள்ளி, அது ஐஸா உப்பான்னு எல்லாரும் பேசிக்கிட்டு இருந்தாங்க (கடைசில உப்புன்னு தெரிஞ்சுது). ஆனா எனக்கு அந்தப் புள்ளியை விட மனசுல ஒட்டிக்கிட்டது அந்தக் கலத்தோட அயன் இன்ஜின்தான். ரெண்டு ஷீட் பேப்பரை உள்ளங்கையில வெச்சா எவ்ளோ அழுத்தும், அவ்ளோதான் அதோட தள்ளுவிசை, நின்ன இடத்துல இருந்து கிளம்பி மணிக்கு 97 கிமீ வேகம் பிடிக்க நாலு நாள் ஆகும்னு கணக்கு சொல்லுவாங்க, ஆனா வருஷக்கணக்கா விடாம தள்ளித் தள்ளியே வினாடிக்கு 11 கிமீக்கு மேல வேக மாற்றம் வாங்கி, வெஸ்டாங்கற சிறுகோளைச் சுத்தி, அங்கிருந்து கிளம்பி சீரிஸையும் சுத்துச்சு, வேற எந்தக் கலமும் அதுக்கு முன்னாடி பூமி நிலாவை விட்டு வெளிய ரெண்டு உலகத்தைச் சுத்துனதில்லை.

அப்ப இருந்தே எனக்கு ஒரே கேள்வி, இவ்ளோ சிக்கனமான இன்ஜின் ஏன் இவ்ளோ மெதுவா இருக்கு? எரிபொருளா இருக்குற செனான் வாயு பத்தலையா, இல்ல இன்ஜின்லயே குறையான்னு தோணும். ரெண்டும் இல்லை. கரண்ட் பத்தலை.

கணக்கு ரொம்ப சின்னதுதான், நிதானமா பாருங்க. சாதாரண ராக்கெட்ல ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிச்சா புகை வினாடிக்கு நாலரை கிமீ வேகத்துல வெளிய போகும், எரிபொருள்லயே அடைஞ்சிருக்குற சக்தி அவ்ளோதான், அதுக்கு மேல முக்குனாலும் வராது. அயன் இன்ஜின்ல செனான் அணுவுல இருந்து எலக்ட்ரானை உதறிட்டு, வோல்டேஜ் குடுத்து வெளிய வீசுறோம், அது வினாடிக்கு 30 கிமீ போகும். வேகம் ஏழு மடங்கு, அதனால அதே வேலைக்கு வேண்டிய எரிபொருள் ரொம்பக் கம்மி. ஆனா அந்த வேகத்துக்கான சக்தி செனான்ல கிடையாது, வெளிய இருந்து கரண்ட்டா வரணும். டான்ல இருந்த மாதிரி இன்ஜினுக்கு 1 நியூட்டன் தள்ளுவிசை வேணும்னா சுமாரா 25 கிலோவாட் வேணும். 1998ல போன டீப் ஸ்பேஸ் 1 கலத்துல 2.3 கிலோவாட் குடுத்தாங்க, 92 மில்லிநியூட்டன் கிடைச்சுது, வகுத்துப் பாருங்க சரியா 25 தான் வரும். இன்னும் வேகமா வீசுனா எரிபொருள் இன்னும் மிச்சம், ஆனா ஒவ்வொரு நியூட்டனுக்கும் கரண்ட் இன்னும் ஜாஸ்தி, இந்தப் பிடியில இருந்து தப்பவே முடியாது.

சரி கரண்ட் எங்கிருந்து? டானோட சோலார் பேனல் ஒரு முனையில இருந்து மறுமுனை 20 மீட்டர் கிட்ட இருந்துச்சு, பூமி தூரத்துல 10 கிலோவாட் குடுக்கும், சூரியன்ல இருந்து மூணு மடங்கு தூரம் போனா 1.3 கிலோவாட். 2023 அக்டோபர்ல சைக்கிங்கற சிறுகோளுக்குக் கிளம்புன அதே பேர் கலமும் அப்படித்தான், இங்க 20 கிலோவாட்டுக்கு மேல, அந்த சிறுகோள் கிட்ட போனா 2, 3 கிலோவாட். பூமிகிட்ட ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் வெயில் விழுது, வியாழன்கிட்ட 50 வாட், நெப்டியூன்கிட்ட ஒன்றரை வாட். அதுல எவ்ளோ பெரிய பேனலை விரிச்சாலும் யானைப் பசிக்கு சோளப்பொரி. அணு உலை கொண்டு போலாம்தான், ஆனா அமெரிக்கா இதுவரைக்கும் விண்வெளியில ஓட்டுன ஒரே உலை 1965ல போன ஸ்னாப்-10ஏ, அது 500 வாட் சொச்சம் குடுத்துச்சு, 43 நாள்ல கலத்தோட வேற ஒரு எலக்ட்ரிகல் கோளாறால நின்னு போச்சு. உலை, அதுக்கு கவசம், சூட்டை வெளிய தள்ள ரேடியேட்டர், இதெல்லாம் சேர்ந்தா எடை எங்கயோ போயிடும். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்கல்ல, அதுதான் இங்க நடக்குது, சிக்கனமான இன்ஜினை வெச்சு மிச்சம் பிடிக்கிற எடையை கரண்ட் குடுக்குற சாமானே தின்னுடுது.

அப்ப அந்த சாமானை வீட்லயே விட்டுட்டுப் போனா என்ன? ஜெனரேட்டர் இங்கயே இருக்கட்டும், பூமியிலயோ பூமிக்குப் பக்கத்து சுற்றுப்பாதையிலயோ, கரண்டை லேசராவோ மைக்ரோவேவாவோ மாத்தி அனுப்புவோம், கலத்துல அதை வாங்குற தகடு மட்டும் இருந்தா போதும். இதுதான் விஷயம், கேக்குறதுக்கு கதை மாதிரி இருக்கும், ஆனா இதுல எந்த இடத்துலயும் புது இயற்பியல் தேவையில்லை, எனக்கு இது பிடிக்கிறதுக்கு பெரிய காரணமே அதுதான்.

கம்பியில்லாம கரண்ட் அனுப்புறது பழைய கதைங்க. ரேதியான் கம்பெனியில வேலை பாத்த வில்லியம் பிரவுன் 1964லயே ஒரு குட்டி ஹெலிகாப்டரை கீழ இருந்து மைக்ரோவேவ் மட்டும் அடிச்சு பறக்க வெச்சாரு, அதுல பேட்டரி கிடையாது. 1975ல அவரும் ஜேபிஎல் (நாசாவோட ஆய்வுக்கூடம்) ஆட்களும் சேர்ந்து கலிஃபோர்னியாவுல கோல்ட்ஸ்டோன்ல 26 மீட்டர் டிஷ்ஷை வெச்சு ஒன்றரை கிமீ தள்ளி இருந்த ரெக்டென்னாவுக்கு (மைக்ரோவேவை வாங்கி கரண்ட்டா மாத்துற ஆன்டெனா) அனுப்பி 30 கிலோவாட்டுக்கு மேல எடுத்தாங்க, ரெக்டென்னாவுல விழுந்ததுல 80 சதவீதத்துக்கு மேல டிசி கரண்ட்டா மாறுச்சு. அம்பது வருஷம் ஆச்சு. நடுவுல பெருசா ஒண்ணும் நகரலை, இப்ப மறுபடி சூடு பிடிச்சிருக்கு. 2023ல கால்டெக்கோட மேப்பிள் கருவி விண்வெளியிலயே ஒரு அடி தூரத்துக்கு மைக்ரோவேவ்ல பவர் அனுப்பி ரெண்டு எல்இடியை எரிய வெச்சுது, 2025ல அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா லேசர்ல 8.6 கிமீ தள்ளி 800 வாட்டுக்கு மேல, 30 வினாடிக்கு வாங்கிக் காட்டுனாங்க. 8.6 கிமீ எங்க, வியாழன் எங்கன்னு கேப்பீங்க. நியாயம்தான், அங்கதான் இந்த விஷயத்தோட உயிரே இருக்கு.

எந்த ஒளிக்கற்றையும் விரியும். எவ்ளோ சுத்தமான லேசரா இருந்தாலும் விரியும், அது கருவியோட குறை இல்லை, அலையோட குணம். தூரத்துல விழுற வட்டத்தோட அகலம் வேணும்னா அலைநீளத்தை தூரத்தால பெருக்கி, அனுப்புற கண்ணாடியோட அகலத்தால வகுத்து, 2.44ஆல பெருக்கணும், அனுப்புன ஒளியில 84 சதவீதம் அந்த வட்டத்துக்குள்ள விழும். இந்த ஒத்தை சூத்திரத்தை வெச்சு ஒரு ராத்திரி முழுக்க எண்ணைப் போட்டுப் போட்டுப் பாத்தேன், அதுக்கப்புறம்தான் எனக்கு இதுல எது நடக்கும் எது நடக்காதுன்னு ஒரு தெளிவு வந்துச்சு.

முதல்ல மைக்ரோவேவ். 2.45 கிகாஹெர்ட்ஸ்னா அலைநீளம் 12 சென்டிமீட்டர். ஒரு கிமீ அகல ஆன்டெனா கட்டி 36,000 கிமீ தூரத்துக்கு (செயற்கைக்கோள் பூமியோட ஒரே இடத்துக்கு மேல நிக்கிற உயரம்) அனுப்புனா விழுற வட்டம் 10 கிமீக்கு மேல. 1968ல பீட்டர் கிளேசர் சொன்ன, மேலயே வெயிலை கரண்ட்டாக்கி கீழ அனுப்புற சூரிய மின் செயற்கைக்கோள் யோசனையில தரையில அவ்ளோ பெரிய ரெக்டென்னா கேக்குறது இதனாலதான். தரையில 10 கிமீ விரிக்கலாம், ஒரு கலத்துல கட்டிக்கிட்டுப் போக முடியுமா? முடியாது. அதனால தூரமா போற கலத்துக்கு மைக்ரோவேவ் சரிப்படாதுன்னு நான் முடிவே பண்ணிட்டேன், கிட்டக்க இருக்குற வேலைக்கு மட்டும்தான் அது.

லேசர்னா அலைநீளம் ஒரு மைக்ரான், லட்சம் மடங்கு சின்னது. இப்ப 10 மீட்டர் கண்ணாடி எடுத்துக்கோங்க, அந்த அளவு டெலஸ்கோப்லாம் பூமியில ஏற்கனவே இருக்கு. அதே 36,000 கிமீ தூரத்துல வட்டம் 9 மீட்டர்! இந்த எண் வந்தப்ப நான் திரும்பத் திரும்ப சரி பாத்தேன், ஏன்னா அது ஒரு தகவல்தொடர்பு செயற்கைக்கோளோட சோலார் பேனல் அளவுங்க. நிலா தூரத்துல 94 மீட்டர், பெருசுதான், ஆனா கட்ட முடியாத அளவு இல்லை. செவ்வாய் ரொம்ப கிட்ட வர்றப்ப 14 கிமீ, அங்க போச்சு. சூரியனுக்கும் பூமிக்கும் இருக்குற தூரம் அளவுக்குப் போனா 36 கிமீ, கடல்ல பெருங்காயம் கரைச்ச கதைதான்.

அதாவது இயற்கையே ஒரு கோடு போட்டு வெச்சிருக்கு. நிலா வரைக்கும் ஏற்கனவே இருக்குற அளவு கண்ணாடியே போதும், அதுக்கு அப்பால வேணும்னா கண்ணாடியோட அகலம் கிலோமீட்டர் கணக்குல வேணும், ஒரே கண்ணாடியா இல்லை, ஆயிரக்கணக்கான சின்ன லேசரை ஒரே தாளத்துல அடிக்க வெச்ச அரேவா.

இன்னொரு விஷயம், இதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. லேசர் வெளிச்சத்துல சோலார் செல் வெயில்ல வேலை செய்யறதை விட நல்லா வேலை செய்யும். வெயில்ல எல்லா நிறமும் கலந்து வருது, செல்லுக்குப் பிடிச்ச சக்தியை விட கம்மியா வர்ற ஃபோட்டான் வீண், ஜாஸ்தியா வர்றதுல மிச்சம் சூடாப் போயிடும், அதனால விண்வெளி பேனல்ல 30 சதவீதம் வந்தாலே நல்ல பேனல். லேசர்ல ஒரே நிறம், செல்லுக்கு ஏத்த நிறமா பாத்து அனுப்பலாம். ஜெர்மனியில ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்துல 2021ல 858 நானோமீட்டர் லேசர்ல ஒரு காலியம் ஆர்சனைடு செல் 68.9 சதவீதம் எடுத்துச்சு. இதோட அர்த்தம் என்னன்னு யோசிங்க, விண்வெளியில பேனலை எவ்ளோ வெளிச்சத்துல வெக்கலாம்ங்கறதை தீர்மானிக்கிறது சூடுதான், காத்து கிடையாது, சூட்டை கதிரா மட்டும்தான் வெளிய தள்ள முடியும். வெயில்ல 30 கரண்ட்டுக்கு 70 சூடு, லேசர்ல 69 கரண்ட்டுக்கு 31 சூடு. அதே சூட்டுக்கு அதே பேனல்ல அஞ்சு மடங்கு கரண்ட். கலத்தோட எடை கூடவே இல்லை.

வழியில நிறைய வீணாகுமேன்னு கேப்பீங்க. ஆகும், கரண்ட்டை லேசராக்கும்போது பாதிக்கு மேல போயிடும், காத்து மண்டலத்துல கொஞ்சம், வட்டத்துக்கு வெளிய கொஞ்சம், செல்லுல கொஞ்சம், கடைசில அஞ்சுல ஒரு பங்கு கைக்கு வந்தா பெரிய விஷயம். ஆனா வீணாகுறது பெரும்பாலும் இந்தப் பக்கம், கரண்ட்டுக்கு பஞ்சமில்லாத இடத்துல. அந்தப் பக்கம்தான் ஒவ்வொரு கிலோவும் உயிர் மாதிரி. நான் அந்த நஷ்டத்தை ஏத்துக்குவேன்.

லேசரை நேரா பாய்மரத்துல அடிச்சே தள்ளலாமே, நட்சத்திரத்துக்கு குட்டிக் கலம் அனுப்ப யோசிச்ச ஸ்டார்ஷாட் திட்டம் மாதிரி, நடுவுல இன்ஜின் எதுக்குன்னு ஒரு நண்பர் கேட்டாரு. நல்ல கேள்வி, நானும் உக்காந்து போட்டுப் பாத்தேன். 1 மெகாவாட் லேசரை கண்ணாடி மாதிரி பாய்மரத்துல அடிச்சு திருப்புனா கிடைக்கிற தள்ளுவிசை 6.7 மில்லிநியூட்டன். அதே 1 மெகாவாட்டை செல்லுல வாங்கி, பாதியை கரண்ட்டாக்கி அயன் இன்ஜினுக்கு குடுத்தா 20 நியூட்டன், மூவாயிரம் மடங்கு. பதிலுக்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 58 கிலோ செனான் செலவாகும். 10 டன் கலம்னா ஆறு நாளைக்குள்ள வினாடிக்கு 1 கிமீ ஏறிடும். டான் எடை சுமார் 1.2 டன்தான், அது இந்த வேக மாற்றத்துக்கு மாசக்கணக்குல தள்ளணும். நட்சத்திரத்துக்குப் போகணும்னா பாய்மரம்தான், ஏன்னா எந்த எரிபொருளும் அங்க வரைக்கும் பத்தாது, ஆனா சூரிய குடும்பத்துக்குள்ள சாமான் ஏத்திக்கிட்டுப் போகணும்னா அயன் இன்ஜின்தான் சரின்னு எனக்குப் படுது.

தொலைதூரத்துக்கு யாராவது உருப்படியா யோசிச்சிருக்காங்களான்னா, ஜேபிஎல்ல ஜான் பிரோஃபி யோசிச்சாரு, டானோட அயன் இன்ஜின்ல வேலை பாத்தவரு. 2017ல எதிர்கால யோசனைகளுக்கு காசு குடுக்குற நாசாவோட நயக் திட்டத்துல காசு வாங்கி அவர் போட்ட கணக்கு என்னை ரொம்ப நாள் தூங்க விடலை. 10 கிமீ அகல லேசர் அரே, கலத்துல லேசருக்குன்னே செஞ்ச லேசான செல்லு, செனானுக்குப் பதிலா லித்தியம். லித்தியம் எதுக்குன்னா அணு ரொம்ப லேசு, அதே வோல்டேஜுக்கு ரொம்ப வேகமா பறக்கும். 12,000 வோல்ட் குடுத்தா வினாடிக்கு 570 கிமீ கிட்ட, இன்ஜின் ஆட்கள் பாஷையில சொன்னா ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் (எரிபொருள் சிக்கனத்தோட அளவு) 58,000 வினாடி, டானோடது 3,000 சொச்சம். இதுல அழகு எங்க தெரியுமா, செல்லுங்களை வரிசையா கோர்த்தே அந்த 12,000 வோல்ட்டை எடுத்து நேரா இன்ஜினுக்கு விடறது, நடுவுல வோல்டேஜ் மாத்துற கனமான பெட்டி கிடையாது. சூரியனோட ஈர்ப்பே லென்ஸ் மாதிரி ஒளியைக் குவிக்கிற 550 ஏயூ தூரத்துக்கு ஒரு மனுஷ ஆயுசுக்குள்ள போய்ச் சேரணும்ங்கறதுதான் நோக்கம். ஒரு ஏயூங்கறது பூமி–சூரியன் தூரம்.

இப்ப கஷ்டத்துக்கு வரேன், இதை மறைச்சு ஆசைகாட்ட எனக்கு இஷ்டமில்லை. 10 கிமீ அரே வெச்சா வியாழன் தூரத்துல வட்டம் 150 மீட்டர் சொச்சம், நல்லது, ஆனா அந்த வட்டத்தை கலத்து மேல நிறுத்தணும். ஹப்பிள் டெலஸ்கோப் 0.007 ஆர்க்செகண்டுக்கு மேல (ஒரு ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்கு) ஆடாம நிக்கும், இதுக்கு அதை விட நூறு மடங்குக்கு மேல நுணுக்கம் வேணும். அது கூட ஒரு நாள் வரும்னு வைங்க, ஒளியோட வேகத்தை என்ன பண்றது? வியாழன் கிட்ட இருக்குறப்பவே கலத்தோட சிக்னல் இங்க வர 35 நிமிஷம், நாம அனுப்புறது அங்க போக இன்னொரு 35 நிமிஷம். அப்ப 70 நிமிஷம் பழைய தகவலை வெச்சு கலம் எங்க இருக்கும்னு முன்கூட்டியே சொல்லணும். கலம் வினாடிக்கு வினாடி ஒரு மில்லிமீட்டர் வேகம் ஏத்திக்கிட்டு இருக்கு, அதுல தள்ளுவிசை ஒரே ஒரு சதவீதம் ஏறி இறங்குனா அந்த 70 நிமிஷத்துல கலம் 88 மீட்டர் தள்ளிப் போயிருக்கும், 150 மீட்டர் வட்டத்துல இது விளிம்பைத் தாண்டிடும். கற்றை விலகுனா கரண்ட் குறையும், கரண்ட் குறைஞ்சா தள்ளுவிசை குறையும், அப்ப கலம் நாம கணிச்ச இடத்துல இருக்காது, இன்னும் விலகும். இதுதான் எனக்கு உண்மையிலயே பயமா தெரியிற இடம். கலம்தான் கற்றையோட நடுவுல தன்னை வெச்சுக்கணும், செல்லுல எந்த ஓரத்துல வெளிச்சம் குறையுதுன்னு பாத்து தானே நகரணும், பூமி குறி வெக்கிறதை மட்டும் நம்பி ஓட முடியாது.

குறி வெக்கிறதே நடக்காத காரியம்னு சொல்றவங்க சைக்கி கலத்தோட லேசர் தொடர்புக் கருவியைப் பாக்கணும். கலிஃபோர்னியாவுல டேபிள் மவுன்டன்ல இருந்து கிலோவாட் கணக்குல லேசர் அடிச்சு, கலம் அதைப் பிடிச்சு, திருப்பி பலோமர்ல இருக்குற 5 மீட்டர் ஹேல் டெலஸ்கோப்புக்கு அனுப்புச்சு, 2023 டிசம்பர்ல 3.1 கோடி கிமீ தூரத்துல இருந்து ஒரு பூனை வீடியோவே வந்துச்சு, 2024ல 46 கோடி கிமீ வரைக்கும் போச்சு. வந்து சேர்ந்தது தகவல்தான், பவர்னு சொல்ல முடியாது, ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிச்சு பாத்துக்கிட்டே இருந்துச்சே, அதுதான் முதல் பாதி வேலை.

இன்னொன்னு பிரேக். கிளம்பும்போது கிட்ட இருக்கோம், கற்றை அடர்த்தியா கிடைக்குது, போய்ச் சேர்ந்து அங்கயே சுத்தணும்னா வேகத்தைக் குறைக்க கரண்ட் வேண்டியது ரொம்ப தூரத்துல, கற்றை ரொம்ப பலவீனமா இருக்குற இடத்துல. அதனால கடந்து போற பயணத்துக்கும் தங்குற பயணத்துக்கும் இதுல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அப்புறம் 100 மெகாவாட் லேசரை யார் கையில வெக்கிறதுங்கற கேள்வி, வானத்துல குறுக்க போற மத்தவங்க செயற்கைக்கோளோட கண்ணு அவிஞ்சு போகாம இருக்கணும், இதை ஒரு நாடு தனியா கட்டினா மத்த நாடு சும்மா இருக்காது, சும்மா இருக்கவும் கூடாது.

அதனால நான் ஆசைப்படுறது வியாழன் இல்லை, முதல்ல நம்ம பக்கத்து வேலை. இன்னைக்கு எலக்ட்ரிக் இன்ஜின் மட்டும் வெச்ச செயற்கைக்கோள் தன்னோட 36,000 கிமீ இடத்துக்கு ஏறிப் போக மாசக்கணக்குல ஆகுது, 2015ல முதல் ஜோடி போனதுல இருந்து இப்படித்தான், நடுவுல பூமியைச் சுத்தி இருக்குற வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டையில திரும்பத் திரும்ப நுழைஞ்சு பேனல் அடி வாங்குது. மேல இருந்தோ கீழ இருந்தோ லேசர் அடிச்சு கரண்ட்டை மூணு நாலு மடங்காக்குனா அந்த நாள் எல்லாம் சுருங்கும். இதுலயும் சிக்கல் இருக்கு, தாழ்வான சுற்றுப்பாதையில கலம் ஒரு தரை நிலையத்து தலைக்கு மேல பத்து நிமிஷம் கூட நிக்காது, மேகம் வந்தா போச்சு, காத்தோட நடுக்கத்தை சரிக்கட்ட கண்ணாடியோட வளைவை நொடிக்கு நொடி மாத்துற அடாப்டிவ் ஆப்டிக்ஸ் வேணும், அதனால பல இடத்துல நிலையம் இல்லேன்னா லேசரையே மேல கொண்டு போகணும். ஆனா மேல ஏற ஏற கலம் நிதானமா நகரும், ரொம்ப நேரம் கண்ணுல படும், வட்டமும் இன்னும் பேனல் அளவுலயே இருக்கும். அந்த நடு உயரம்தான் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

நாசாவுல இருந்த ஜெஃப்ரி லேண்டிஸ் 1990கள்லயே ஒண்ணு சொன்னாரு, 36,000 கிமீல இருக்குற செயற்கைக்கோள் மார்ச், செப்டம்பர் சமயத்துல தினமும் 70 நிமிஷம் வரைக்கும் பூமியோட நிழல்ல போகும், அப்ப பேட்டரியை நம்பாம தரையில இருந்து லேசரை அதோட சோலார் பேனல் மேலயே அடிக்கலாமேன்னு. புதுசா ஒண்ணும் மாட்டத் தேவையில்லை, ஏற்கனவே அங்க பேனல் இருக்கு, சிலதுல கரண்ட்ல ஓடுற ஹால் த்ரஸ்டர் இன்ஜினும் ஏற்கனவே இருக்கு. வேலைக்காலம் முடிஞ்ச அப்படி ஒரு செயற்கைக்கோளை இதுக்கு குடுத்தா போதும். நிழலுக்குள்ள போனதும் பேட்டரியை துண்டிச்சுட்டு, கீழ 10 மீட்டர் கண்ணாடியில இருந்து லேசரை திறந்து, டெலிமெட்ரியில (கலம் கீழ அனுப்புற அளவீடு) பேனல் கரண்ட் ஏறுதா, த்ரஸ்டர் பத்திக்குதான்னு பாக்கணும், அந்த கிராஃபுக்காக நான் மறுபடி ராத்திரி முழிச்சிருந்து காத்துக்கிட்டு இருப்பேன்.